டிஸ்பேஸா, ஒமேகாவா, ஆர்க்கைவா, விக்கியா: பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றும் முன்

ஸ்கேன் செய்ய இப்போது ஆள் கிடைக்கிறது, கருவி கிடைக்கிறது, சில நேரம் நன்கொடையும் கிடைக்கிறது. ஊர் வாசகசாலைகள், சின்ன அறக்கட்டளைகள், தனி ஆளாக இதழ் சேர்த்து வைத்தவர்கள் என்று பலரிடமும் ஸ்கேன் செய்த பழைய இதழ்கள் ஹார்டு டிஸ்கில் இருக்கின்றன. அடுத்த கேள்வியில்தான் வேலை நின்றுபோகிறது: இதை எந்த மென்பொருளில் போட்டு இணையத்தில் கொடுப்பது?

என்னிடம் இதைக் கேட்பவர்களிடம் நான் மென்பொருளிலிருந்து தொடங்குவதில்லை. யார் படிக்கப் போகிறார்கள், எதில் படிக்கப் போகிறார்கள்? முனைவர் பட்ட மாணவர் ஒருவர் பேருந்தில் போகும்போது, போனில், ஒரு எழுத்தாளரின் பெயரைத் தேடுவார். எழுபது வயதுக்காரர் ஒருவர் தான் சிறுவயதில் படித்த தொடர்கதையைத் தேடுவார், அவருக்குப் பொடி எழுத்து தெரியாது. பார்வையற்ற ஆசிரியர் ஒருவர், திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானை வைத்துக்கொண்டு வருவார். இந்த மூன்று பேரும் வந்த வேலையை முடித்துவிட்டுப் போக முடிந்தால் அது நல்ல தளம். முகப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், இவர்களில் ஒருவர் வெறுங்கையோடு திரும்பினால் அந்தத் தளத்தில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

ஒப்பிட வசதியாக ஒரு நூலகத்தை மனதில் வைத்துக்கொள்வோம். 1930களிலிருந்து 1960கள் வரையிலான சில நூறு இதழ்கள், கொஞ்சம் நூல்கள், துண்டறிக்கைகள். சர்வர் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் கிடையாது. நூலகர் ஒருவர், மாலையில் வந்து உதவும் இரண்டு மூன்று தன்னார்வலர்கள். ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவழிக்கலாம், அதற்கு மேல் முடியாது. தமிழ்நாட்டிலும் சரி இலங்கையிலும் சரி, பெரும்பாலான சின்ன நூலகங்களின் நிலை இதுதான்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முன்னால் வந்து நிற்கும் விஷயம் ஒன்று உண்டு, முதலில் அதைப் பேசிவிடுகிறேன். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்பது வெறும் படம். கண்ணுள்ளவருக்கு அது பக்கம், திரைவாசிப்பானுக்கு அதில் ஒன்றுமே இல்லை. என்விடிஏ என்ற திரைவாசிப்பானைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படி ஒரு பிடிஎஃப்பைத் திறந்து பாருங்கள். காலி ஆவணம் என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிடும். கூகுளுக்கும் உங்கள் தளத்தின் தேடுபெட்டிக்கும் அதே கதிதான். எனவே எழுத்துணரி, அதாவது ஓசிஆர், வழியாக வந்த உரை படத்தோடு சேர்ந்து இருந்தாக வேண்டும். பார்வையற்றவருக்காகச் செய்யும் இந்த வேலைதான் தேடுகிற ஆராய்ச்சியாளருக்கும் கதவைத் திறக்கிறது. இரண்டும் ஒரே வேலை, ஒரே செலவு. இதைப் புரிந்துகொண்ட நூலகங்கள் பிறகு எங்கேயும் பெரிதாகத் தடுமாறுவதில்லை.

தமிழில் இதற்குக் கூடுதல் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாக வந்தது 1978இல். அதற்கு முந்தைய அச்சில் ணை, லை, னை போன்றவை யானைத் துதிக்கை போன்ற கொம்போடு இருக்கும், றா, னா எல்லாம் சுழித்துக்கொண்டு ஒட்டியபடி இருக்கும். இன்றைய எழுத்துருக்களில் பழகிய ஓசிஆர் கருவிகள் இவற்றில் தடுமாறுகின்றன. மை பரவிய நியூஸ்பிரிண்ட் தாள், இரண்டு மூன்று பத்தி அமைப்பு, நடுவில் விளம்பரம் என்று சேரும்போது பிழை இன்னும் கூடும். பிழையோடு இருக்கும் உரை தேடுவதற்கு ஓரளவு போதும், காதால் கேட்டுப் படிப்பதற்குப் போதாது. இந்த வித்தியாசம் முடிவெடுக்கும்போது முக்கியமாகிறது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

இன்டர்நெட் ஆர்க்கைவ்

நூல்களையும் பிற கோப்புகளையும் யாரும் ஏற்றி வைக்கக்கூடிய இணைய நூலகம் இது. எளிமையானது, இலவசம். கணக்கு தொடங்கி பிடிஎஃப்பை ஏற்றினால் மிச்ச வேலையை அதுவே செய்கிறது. ஓசிஆருக்கு டெசராக்ட் என்ற திறந்த மூலக் கருவியைப் பயன்படுத்துகிறார்கள், அதற்குத் தமிழ் தெரியும். ஏற்றும்போது மொழி என்ற இடத்தில் தமிழ் என்று மறக்காமல் குறிக்க வேண்டும். குறிக்காமல் விட்டு ஓசிஆர் மொழியைத் தவறாக ஊகித்துவிட்டால் உரை குப்பையாகத்தான் வரும். தமிழ் நூல் ஒன்றின் முழு உரையைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டிக் கிடப்பதை அங்கே நிறையப் பார்க்கலாம். பல நேரம் ஏற்றியவர் ஒரு பெட்டியை நிரப்பாததால் வந்த வினை அது. முகவரியாக அமையும் அடையாளப் பெயரையும் யோசித்து வையுங்கள், பிறகு மாற்ற முடியாது. இதழ் பெயர், ஆண்டு, மாதம் என்று ஒரே ஒழுங்கில் வைத்தால் பின்னால் எல்லாமே சுலபம்.

அங்கிருக்கும் புத்தக வாசிப்பான் நன்றாகவே வேலை செய்கிறது. உள்ளே தேடலாம், சத்தமாக வாசிக்கச் சொல்லலாம். ஆனால் முழு இடைமுகமும் ஆங்கிலம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவர் உங்கள் சேகரிப்பு எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று அங்கே கண்டுபிடிக்க மாட்டார். கோடிக்கணக்கான பொருள்களுக்கு நடுவே உங்கள் இதழும் ஒன்று. அதோடு, எவ்வளவு பெரிய இடமானாலும் ஒரே இடத்தை நம்பியிருப்பது ஆபத்து. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாள்கள் முழுவதுமாக நின்றுபோனது. அதற்கு ஓராண்டு முன்பு, 2023 அக்டோபரில், பிரிட்டிஷ் நூலகத்துக்கும் இதே கதி, அங்கே இணையச் சேவைகள் திரும்பி வர மாதக்கணக்கில் ஆனது. எனவே கோப்புகளை வைக்க ஆர்க்கைவ் நல்ல இடம்தான், ஆனால் வாசகர் வந்து நிற்கும் வாசலாக அது மட்டும் போதாது.

விக்கி வழி

இதில் இரண்டு மாதிரிகள் உண்டு. ஒன்று, 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம். ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் தேடும் யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது. விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் ஓடும் சாதாரணமான தளம்தான், ஆனால் அதில் ஒரு பழைய இதழின் பக்கத்தைத் திறந்து மெதுவாகப் பாருங்கள். மேலே அட்டையும் நூலக எண்ணும் வெளியீட்டு விவரமும். அதன் கீழே ‘வாசிக்க’ என்று பிடிஎஃப் இணைப்பு, பக்கத்திலேயே அது எத்தனை எம்.பி. என்ற குறிப்பு. பல ஆவணங்களுக்கு ‘எழுத்துணரியாக்கம்’ என்று உரைக்குத் தனி இணைப்பு. அதற்கும் கீழே ‘உள்ளடக்கம்’, இதழில் வந்த கட்டுரைகள், கதைகள், கவிதைகளின் தலைப்புகளும் பல இடங்களில் எழுதியவர் பெயரும், மனிதர்கள் தட்டச்சு செய்தவை.

அந்த உள்ளடக்கப் பட்டியலை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். யாரோ ஒருவர் 1960களில் எழுதிய சிறுகதையைக் கூகுளில் தேடும்போது அது அகப்படுவது இந்தப் பட்டியலால்தான், ஓசிஆர் பிழையாக இருந்தாலும் அகப்படும். திரைவாசிப்பானில் வருபவர் ஐம்பது எம்.பி. கோப்பை இறக்கும் முன்பே தனக்கு வேண்டியது இதில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வார். எம்.பி. அளவைப் போட்டிருப்பதும் அப்படித்தான். டேட்டா தீரும் நிலையில் இருப்பவருக்கு அந்த ஒரு எண் எவ்வளவு உதவி! பளபளப்பான தளங்கள் பலவற்றில் இது கிடையாது.

இரண்டாவது மாதிரி, விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமான விக்கிமூலம். படத்தை ஒரு பக்கம் வைத்து, உரையை மறுபக்கம் வைத்து, பக்கம் பக்கமாகத் தன்னார்வலர்கள் மெய்ப்பு பார்க்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் பலவும் இப்படி அங்கே வந்திருக்கின்றன. முடிவில் கிடைப்பது முழுமையான உரை, போனில் எழுத்தைப் பெரிதாக்கலாம், காதால் கேட்கலாம், நகலெடுக்கலாம். பார்வையற்ற வாசகருக்கு இந்தக் கட்டுரையில் உள்ள வழிகளிலேயே சிறந்தது இதுதான், சந்தேகமில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் எந்த அலங்காரமும் இல்லாத வெற்று உரைப் பக்கங்களாக இலக்கியங்களைக் கொடுத்து வருவது இன்றும் எல்லாக் கருவியிலும் படிக்க முடிவதற்கும் இதே காரணம்தான், எழுத்து எழுத்தாகவே இருக்கிறது.

விக்கிமூலத்துக்கு இரண்டு தடைகள். பதிப்புரிமை தீர்ந்தவையோ கட்டற்ற உரிமத்தில் உள்ளவையோ மட்டுமே அங்கே போக முடியும். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள், இலங்கையில் 70. ஓர் இதழில் இருபது பேர் எழுதியிருப்பார்கள், எல்லோருடைய உரிமையும் தீர்ந்திருக்காது. அடுத்தது உழைப்பு. சில நூறு இதழ்களையும் மெய்ப்பு பார்ப்பது இரண்டு மூன்று பேரால் ஆகிற காரியமில்லை. ஆஸ்திரேலிய தேசிய நூலகம் தன் பழைய செய்தித்தாள்களின் ஓசிஆர் பிழைகளைத் திருத்தும் வேலையைப் பொதுமக்களிடமே திறந்துவிட்டது, இன்று அந்த நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் மக்கள் வரி வரியாகத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். அந்த அளவு கூட்டம் சேராவிட்டாலும், எல்லாவற்றையும் செய்யாமல் முக்கியமான கட்டுரைகளை மட்டும் எடுத்து முழு உரையாக்கலாம் என்ற பாடத்தை இங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

டிஸ்பேஸ்

நூலகவியல் படித்தவர்கள் முதலில் சொல்லும் பெயர் இது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் எச்பி நிறுவனமும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட களஞ்சிய மென்பொருள். இந்தியாவின் ஆய்வேட்டுக் களஞ்சியமான சோத்கங்கா இதில்தான் இயங்குகிறது. ஆயிரக்கணக்கான ஆய்வேடுகள், துறை வாரியாக, ஒவ்வொன்றுக்கும் மாறாத முகவரி என்றால் இதற்கு நிகர் குறைவு. பல்கலைக்கழகம் என்றால் நானும் இதைத்தான் சொல்வேன்.

நம் சின்ன நூலகத்துக்கு வேண்டாம். 7ஆம் பதிப்பிலிருந்து வாசகர் பார்க்கும் முன்பக்கம் தனி, உள்ளே வேலை செய்யும் பின்பக்கம் தனி, தேடலுக்கு சோலார், தரவுக்கு போஸ்ட்கிரெஸ் என்று பல சேவைகள் ஒன்றாக ஓட வேண்டும். அவற்றைத் தாங்கும் சர்வருக்கும், புதுப்பிக்கும் ஆளுக்கும் மாதாமாதம் காசு வேண்டும். அப்புறம், அது கட்டப்பட்டிருப்பதே ‘விவரக்குறிப்பு ஒன்று, கோப்பு ஒன்று, இறக்கிக்கொள்’ என்ற முறையில். ஆய்வேட்டுக்கு அது பொருந்தும். மலர், இதழ், பக்கம் என்று புரட்டிப் பார்க்க வேண்டிய பத்திரிகைக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

ஒமேகா

அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவான மென்பொருள். அருங்காட்சியகம், நூலகம், வரலாற்று ஆர்வலர் ஆகியோருக்காகவே செய்யப்பட்டது என்பது திறந்த உடனே தெரியும். முதலில் வந்தது ஒமேகா கிளாசிக், பிறகு 2017இல் ஒமேகா எஸ். ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்தலாம் என்பது எஸ் பதிப்பின் பெரிய வசதி, நான்கைந்து நூலகங்கள் சேர்ந்து ஒரு நிறுவலைப் பகிர்ந்துகொள்ளலாம். பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் இருக்கும் ஹோஸ்டிங் போதும், இது பரவலாகக் கிடைப்பதுதான். நூலகரே உலாவியில் நுழைந்து இதழைச் சேர்க்கலாம், திருத்தலாம், ‘சுதந்திரப் போராட்ட காலத்து அட்டைப்படங்கள்’ என்று ஒரு கண்காட்சிப் பக்கம் கட்டலாம். கணினியோடு அதிகம் பழகாத நூலகருக்கு இவ்வளவு இணக்கமாக இருப்பது இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான்.

படங்களைக் காட்ட ட்ரிப்பிள் ஐ எஃப் என்ற பொதுத் தரத்தை இது ஏற்கிறது. எளிமையாகச் சொன்னால், பெரிய பக்கப் படத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி வைத்து, வாசகர் பார்க்கும் பகுதியை மட்டும் அனுப்பும் முறை. 60, 70 பக்க இதழ் ஒன்று நல்ல தரத்தில் 50 எம்.பி.யைத் தாண்டுவது சாதாரணம். முழுக் கோப்பையும் இறக்காமல் அட்டையை மட்டும் பெரிதாக்கிப் பார்க்க முடிவது போன் வாசகருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் இந்த வாசிப்பான்கள் கண்ணுள்ளவருக்கானவை என்பதை மறந்துவிடக் கூடாது, பக்கத்திலேயே உரை இல்லாவிட்டால் திரைவாசிப்பானுக்கு இதுவும் வெறும் படம்தான்.

ஒமேகாவில் என் கவலை வேறு. இது உயிரோடு இருக்கும் மென்பொருள், புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். தனித்தனி ஆள்கள் எழுதிய கூடுதல் நிரல்களை நம்பித்தான் பல வசதிகள் இருக்கின்றன. உற்சாகமாகத் தொடங்கிய தன்னார்வலர் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டால், இரண்டு மூன்று ஆண்டுகளில் தளம் பழசாகி, யாராவது ஓட்டை கண்டுபிடித்து உள்ளே சூதாட்ட விளம்பரங்களைப் போட்டுவிடுவார்கள். பொறுப்பாக ஒரு நிலையான ஆள், அல்லது வருடாந்திரப் பராமரிப்புக்கு ஒரு ஒப்பந்தம், இரண்டில் ஒன்று இருந்தால் ஒமேகா எஸ் நல்ல தேர்வு.

நிலைத்தளம்

நிலைத்தளம் என்றால் முன்கூட்டியே செய்து வைத்த பக்கங்களை அப்படியே கொடுக்கும் தளம். அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழக நூலகத்தில் உருவான கலெக்‌ஷன்பில்டர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எக்செல் போன்ற ஓர் அட்டவணையில் ஒவ்வொரு இதழுக்கும் ஒரு வரி: தலைப்பு, ஆண்டு, உள்ளடக்கம், கோப்பு எங்கே இருக்கிறது. அந்த அட்டவணையிலிருந்து தளம் முழுவதும் வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக உருவாகிவிடும். சர்வரில் ஓடும் நிரல் எதுவும் கிடையாது, அதனால் ஹேக் செய்யப் பெரிதாக ஒன்றுமில்லை, ஐந்து ஆண்டுகள் யாரும் தொடாவிட்டாலும் அப்படியே இருக்கும். நிரல்களையும் தளங்களையும் வைக்கும் கிட்ஹப் போன்ற இடங்களில் இலவசமாகவே வைக்கலாம். பக்கங்கள் சட்டென்று திறக்கும், பழைய போனிலும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு இதழைச் சேர்க்கவோ திருத்தவோ அட்டவணையை மாற்றிப் பதிவேற்றும் முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம், ஆனால் சில நூலகர்கள் அதற்கே தயங்குவார்கள். அடுத்தது தேடல், இதைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட தளங்களில் தேடலுக்கு லூனர் என்ற நிரலைப் பயன்படுத்துவது வழக்கம், அது வாசகரின் உலாவியிலேயே ஓடுகிறது. அதன் இயல்பான அமைப்பில், சொல்லின் இரு முனைகளிலும் உள்ள ‘எழுத்து அல்லாத’ குறிகளை வெட்டும் ஒரு படி இருக்கிறது. அந்தப் படிக்கு எழுத்து என்றால் ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டும்தான். எனவே ‘கல்கி’ என்ற சொல் உள்ளே போனால் முழுவதும் வெட்டுப்பட்டு ஒன்றுமில்லாமல் வெளியே வரும். தேடுபெட்டி இருக்கும், தட்டச்சு செய்யலாம், முடிவு மட்டும் எப்போதும் பூஜ்யம். அந்தப் படியை நீக்கிவிட்டால் தமிழ் தேடல் வேலை செய்யத் தொடங்கும். ஒரு வரி மாற்றம்தான், ஆனால் தமிழில் தேடிப் பார்க்காமல் தளத்தைத் திறந்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

அதோடு முடிவதில்லை. ‘நூலகம்’ என்று தேடினால் ‘நூலகத்திற்கு’ வர வேண்டாமா? லூசீன், சோலார் போன்ற பெரிய தேடல் பொறிகளில் தமிழ்ச் சொற்களின் விகுதியைக் களையும் வசதி உண்டு, டிஸ்பேஸின் பலம் இங்கேதான். சின்னத் தளத்தில், சொல்லின் தொடக்கம் பொருந்தினால் போதும் என்று அமைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ‘நூலக’ வரை அடித்தால் இரண்டும் வந்துவிடும். ‘கொ’ போன்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகப் பதியலாம், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடலுக்கு வேறு வேறு. அட்டவணையையும் தேடும் சொல்லையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒரு வரியை நிரலில் சேர்க்க வேண்டும். சுப்ரமணியம், சுப்பிரமணியம் என்று இரண்டு விதமாக எழுதுபவர்களுக்காக மாற்று வடிவங்களை அட்டவணையில் ஒரு தனிப் பத்தியில் போட்டு வையுங்கள். ‘வ.உ.சி.’ என்று இடைவெளி இல்லாமலும் ‘வ. உ. சி.’ என்று இடைவெளியோடும் தேடுவார்கள், அதற்கும் சேர்த்து.

இன்னொன்று, சேகரிப்பு பல ஆயிரம் இதழ்களாக வளர்ந்து முழு உரையையும் தேட வேண்டும் என்றால் இந்த முறை தாங்காது. தேடல் அட்டவணை முழுவதும் வாசகரின் போனுக்கு இறங்க வேண்டியிருக்கும். சில நூறு இதழ்களின் உள்ளடக்கப் பட்டியல் அளவுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை.

சொந்தமாகச் செய்யச் சொல்வது

உள்ளூர் நிறுவனம் ஒன்றிடம் காசு கொடுத்துப் புதிதாகத் தளம் செய்து வாங்குவது ஆறாவது வழி. பலரும் முதலில் இதற்குத்தான் போகிறார்கள், நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்வதும் இதைத்தான். நன்றாகச் செய்யக்கூடியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் வந்து சேர்வது இப்படி: மேலே தானாக நகரும் படங்கள், சாம்பல் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து, பக்கம் புரளும் சத்தத்தோடு ஒரு ஃபிளிப்புக். அந்த ஃபிளிப்புக்கைத்தான் நன்கொடையாளர்களுக்குக் காட்டுவார்கள். விசைப்பலகையால் அதைப் புரட்ட முடியாது, திரைவாசிப்பான் உள்ளே நுழைய முடியாது, போனில் விரலால் பெரிதாக்கினால் பக்கம் திரும்பிவிடும். நகலெடுப்பதைத் தடுக்க வலது கிளிக்கையும் முடக்கியிருப்பார்கள். படிக்க வந்தவரைத் தடுப்பதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை.

கடைசியில் ‘அணுகல் வசதியும் உண்டு’ என்று ஓரத்தில் ஒரு சக்கர நாற்காலிப் பொத்தானை ஒட்டிக் கொடுப்பார்கள். அதை அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும். உள்ளே பக்கம் பழையபடி படமாகவே இருக்கும்போது இந்தப் பொத்தான் பார்வையற்றவருக்கு எதையும் தராது. இப்படி ஒரு வரி நிரலைச் சேர்த்தால் எந்தத் தளமும் அணுகல் விதிகளுக்குப் பொருந்திவிடும் என்று விளம்பரம் செய்த ஆக்சசிபி நிறுவனத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2025இல் 10 லட்சம் டாலர் கட்டச் சொல்லி நடவடிக்கை எடுத்தது. அந்தப் பொத்தானுக்குக் கொடுக்கும் காசை அப்படியே மெய்ப்பு பார்ப்பவருக்குக் கொடுங்கள்.

என் தேர்வு

நாம் மனதில் வைத்திருக்கும் நூலகத்துக்கு நான் சொல்வது: கோப்புகள் இன்டர்நெட் ஆர்க்கைவில், வாசல் உங்கள் சொந்த முகவரியில் ஒரு நிலைத்தளம், மூலக் கோப்புகளின் நகல் நூலகத்தில் ஒரு ஹார்டு டிஸ்கிலும் வேறு ஊரில் இன்னொன்றிலும். ஆர்க்கைவ் நின்றாலும் உங்கள் பட்டியலும் உரைகளும் நிற்காது. நாளைக்கு ஒமேகாவுக்குப் போக நினைத்தாலும் அதே அட்டவணையை அப்படியே உள்ளே இறக்கலாம், எதுவும் வீணாகாது. நிலையான ஆள் ஒருவர் சம்பளத்தோடு இருக்கிறார், அல்லது பல நூலகங்கள் சேர்ந்து செய்கிறீர்கள் என்றால் மட்டும் ஒமேகா எஸ்.

மிச்சமாகும் பணத்தை எங்கே போடுவது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. நூலகம் திட்டம் செய்வதுபோல உள்ளடக்கப் பட்டியலைத் தட்டச்சு செய்யுங்கள், முதலில் அது, எல்லா இதழுக்கும். பிறகு ஆண்டுக்கு முடிந்த அளவு முக்கியமான கட்டுரைகளை மெய்ப்பு பார்த்து எச்டிஎம்எல் பக்கங்களாகவே போடுங்கள். பழைய டிடிபி எழுத்துருக்களில் செய்த பிடிஎஃப்களில் நகலெடுத்தால் ஆங்கிலக் குப்பைதான் வரும், திரைவாசிப்பானுக்கும் அதுவேதான் போகும். எனவே உரை யூனிகோடில், தனிப் பக்கமாக.

ஆண்டுக் குறிப்பிலும் கவனம் வேண்டும். அந்தக் காலத்து இதழ்களில் ‘துன்மதி ௵ ஆவணி ௴’ என்று மட்டும் இருக்கும் (௵ வருடத்துக்கும் ௴ மாதத்துக்குமான குறி). துன்மதி என்றால் 1921-22ஆகவும் இருக்கலாம், 1981-82ஆகவும் இருக்கலாம், அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். அந்தக் குறிகளைத் திரைவாசிப்பான் எப்படி வாசிக்கும் என்று நம்பியும் இருக்க முடியாது. அட்டையில் உள்ளதை உள்ளபடி ஒரு பத்தியிலும், ‘1921 ஆகஸ்ட்’ என்று எழுதியதை இன்னொரு பத்தியிலும் போடுங்கள். வரிசைப்படுத்தவும் பத்தாண்டு வாரியாகப் பிரித்துக் காட்டவும் இரண்டாவதுதான் உதவும்.

பக்க வடிவமைப்பில் சொல்ல அதிகமில்லை. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறித்திருக்க வேண்டும். பல ஆயத்த வார்ப்புகளில் (டெம்ப்ளேட்) அது ஆங்கிலம் என்றே இருக்கும், அப்போது திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலில் தமிழை எடுத்து எழுத்தெழுத்தாக உச்சரிக்கும், இல்லையென்றால் தாண்டிப் போய்விடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற மாறுபாடு இருக்க வேண்டும் என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட அணுகல் நெறி. வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்டி வையுங்கள், கூ, ஸ்ரீ போன்றவை மேல் வரியிலும் கீழ் வரியிலும் இடிக்காமல் இருக்கும். படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் மாற்று உரையாக அட்டைப்படத்துக்கு ‘படம் 1’ என்று போடாமல் இதழின் பெயரும் மாதமும் ஆண்டும் போடுங்கள். எம்.பி. அளவை எழுதுங்கள்.

பதிப்புரிமை தீராத இதழ்களையும் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த பிரிவு, மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவில் நூல்களை லாப நோக்கில்லாமல் தயாரித்துக் கொடுக்க இடம் தருகிறது. இதே நோக்கத்துக்காக வந்த மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதன்முதலாக ஏற்ற நாடு இந்தியாதான். பொதுவில் போட முடியாத இதழின் உரையையும் தயாரித்து வைத்து, பார்வையற்ற வாசகர் கேட்கும்போது அவருக்கு அனுப்ப, ‘இந்த இதழின் உரை வேண்டுமா?’ என்று ஒரு சின்னப் படிவத்தைத் தளத்தில் வைக்கலாம். இது தெரியாமலேயே பல நூலகங்கள் பாதிச் சேகரிப்பைப் பூட்டி வைத்திருக்கின்றன.

எல்லா இதழையும் ஏற்றிவிட்டு அப்புறம் சோதிக்காதீர்கள். ஒரே ஒரு இதழை எடுத்துக் கடைசி வரை கொண்டு போங்கள்: ஸ்கேன், ஓசிஆர், உள்ளடக்கம், ஒரு கட்டுரையின் முழு உரை, தளத்தில் அதன் பக்கம். பிறகு திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவரைக் கூப்பிட்டு, அவர் நேரத்துக்குக் காசு கொடுத்து, குறிப்பிட்ட ஒரு கட்டுரையைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். நடுவில் நீங்கள் எதுவும் சொல்லித் தராதீர்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அதைத் திருத்திய பிறகு இரண்டாவது இதழைத் தொடுங்கள். இணைய முகவரியை நூலகத்தின் பெயரில், நூலகத்தின் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள், உதவ வந்த தன்னார்வலரின் சொந்தக் கணக்கில் வேண்டாம். கடவுச்சொற்களையும் ஹார்டு டிஸ்குகள் இருக்கும் இடத்தையும் ஒரு தாளில் எழுதி, நூலகத்துக்கு வரும் நூல்களைப் பதியும் பரிக்கிரகணப் பதிவேட்டோடு வைத்துவிடுங்கள்.